ஆப்பிரிக்க மூலிகைகள்: எந்தப் பாகம், எவ்வளவு?

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. 'டெவில்ஸ் கிளா' என்ற மாத்திரையை ஜெர்மனியிலிருந்து சித்தி அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பேயின் நகம் என்று பெயர் வந்தது காயைப் பார்த்து. காய்ந்த காயைச் சுற்றிக் கொக்கி கொக்கியாக முள். கலகரி பாலைவன மணலில் நடக்கும் மாட்டின் குளம்பில் மாட்டினால் லேசில் கழலாது. ஆனால் மருந்து காயில் இல்லை, மண்ணுக்கடியில் பக்கவாட்டில் விளையும் கிழங்கில் இருக்கிறது. நமீபியாவின் சான் மக்கள் அதை வில்லைகளாக நறுக்கி, வெயிலில் காயவைத்துக் கஷாயம் போடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் தாய்க்கிழங்கைத் தொடாமல் குழியை மூடிவிடுவார்கள், மறுபடி விளையட்டும் என்று.

முதுகுவலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் ஓரளவு பலன் உண்டு. 'ஓரளவு' என்பதை இரண்டு முறை படியுங்கள். வயிற்றுப்புண்ணோ பித்தப்பைக் கல்லோ இருந்தால் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாரென்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நித்தியகல்யாணியும் ஆப்பிரிக்கச் செடியாமே? எங்கள் வாசலில் தானாகவே முளைக்கிறது. சர்க்கரைக்கு அதன் இலைச்சாற்றைத் தினமும் குடிக்கிறேன்.

பதில்: முதலில் குடிப்பதை நிறுத்துங்கள், பிறகு பேசலாம்.

அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. ஜமைக்காவில் உங்களைப் போலவே சர்க்கரை நோய்க்கு அதைக் குடித்தார்கள். அந்தச் செய்தியை நம்பி 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும் இலைச்சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகள்தான் கிருமித் தொற்றில் செத்தன. காரணம், சாறு அவற்றின் வெள்ளணுக்களை அழித்துவிட்டது. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? இப்படிக் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியிலிருந்து அடுத்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்குப் பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து ஏற்றுகிற பொருள் அது. உங்கள் டம்ளரில் அதை அளந்தது யார்? ஆடுகூட அந்தச் செடியில் வாய் வைப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

கேள்வி: புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆப்பிரிக்கச் செர்ரி மரப்பட்டை நல்லதா? ஏன் அவ்வளவு விலை?

பதில்: இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கும் தொல்லை சற்றுக் குறையலாம். விலைக்குக் காரணம் பேராசை. எதிரெதிரே இரண்டு பக்கம் மட்டும் பட்டையை உரித்தால் மரம் பிழைக்கும். சுற்றிலும் உரித்தால் செத்துவிடும். கேமரூன் மலைக்காடுகளில் இரண்டாவதுதான் அதிகம் நடந்தது. 1995 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது.

கேள்வி: ரூயிபோஸ் தேநீரை இரவில் குடித்தால் தூக்கம் கெடுமா?

பதில்: கெடாது, அதில் காஃபின் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் பால் ஊற்றியும் குடிப்பார்கள். எனக்கு எலுமிச்சைதான் பிடிக்கும்.