இடப்பேருக்கு எது சரியான ஸ்பெல்லிங்? – கடிதமும் பதிலும்

அண்ணா,

வேலைக்காக அயர்லாந்து வந்து ஒரு கிராமத்துல இருக்கேன். இங்க சர்ச் பங்குல சிலர் சேர்ந்து சுத்துவட்டார இடப்பேரையெல்லாம் தொகுக்கிறாங்க, டைப் பண்ண என்னையும் சேர்த்துக்கிட்டாங்க. ஒரே டவுன்லேண்டுக்கு (இங்க நிலத்தைப் பிரிக்கிற சின்ன அலகு) மேப்புல ஒரு ஸ்பெல்லிங், 1901 சென்சஸ்ல ஒண்ணு, ரோட்டு போர்டுல வேற. எதைப் போடுறது?

தம்பி,

எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. மூணையும் எழுதி, எதுல பார்த்தது, எந்த வருஷம்னு பக்கத்துலயே குறிச்சிடுங்க. 1830கள்ல அயர்லாந்துக்கு மேப் போட அரசாங்கம் நடத்தின ஆர்ட்னன்ஸ் சர்வேயில, ஜான் ஓ'டோனவன்ங்கிற ஐரிஷ் அறிஞர் இந்த வேலையைத்தான் பார்த்தார், நேம் புக்னு ஒண்ணு இருக்கும், அதுல ஒவ்வொரு பேரும் பழைய ஆவணங்கள்ல எப்படியெல்லாம் வந்திருக்குன்னு எழுதி, உள்ளூர்ல ஐரிஷ் பேசினவங்க சொன்னதையும் விசாரிச்சு, அதுக்கப்புறம்தான் மேப்புக்கு ஒரு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் முடிவாகும். மேப்புல இருக்கிறது அவங்க எடுத்த முடிவு, அவ்வளவுதான். மத்த வடிவங்களையும் எழுதி வெச்சதால அந்த முடிவு சரியான்னு இன்னைக்கு நம்மாலயும் பார்க்க முடியுது.

உங்க லிஸ்ட்ல 'கில்'னு ஆரம்பிக்கிற பேர் கண்டிப்பா இருக்கும். அது சர்ச்சைக் குறிக்கிற 'கில்'லாவும் இருக்கலாம், காட்டைக் குறிக்கிற 'கொய்ல்'லாவும் இருக்கலாம், இங்கிலீஷ்ல எழுதினதும் ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. பழைய கல்லறையோ சர்ச் இடிபாடோ இருக்கான்னு போய்ப் பாருங்க, ஆனா கண்ணுல படலைங்கிறதுக்காக காடுதான்னு எழுதிடாதீங்க. வயசானவங்க அந்தப் பேரைச் சொல்றதை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கங்க, அழுத்தம் எங்க விழுதுங்கிறது ஸ்பெல்லிங்ல வராது.

எனக்கு பெரிய கவலை வயல் பேருங்கதான். டவுன்லேண்ட் பேர் அறுபதாயிரத்துக்கு மேல இருக்கு, எல்லாம் ரெக்கார்டுல பத்திரமா இருக்கு. ஒரு குடும்பம் தன் வயலைக் கூப்பிடுற பேர் பெரும்பாலும் எந்த மேப்புலயும் கிடையாது, வேலியை எடுத்து ரெண்டு வயலை ஒண்ணாக்கினா பேரும் கூடவே போயிடும், அந்த விவசாயி போயிட்டா கேட்கவே ஆள் இல்ல. அதனால முதல்ல அவங்க வீட்டுக்குப் போங்க, சென்சஸை ராத்திரி உட்கார்ந்து பார்த்துக்கலாம். பழைய 25 இன்ச் மேப்ல (ஒரு மைலுக்கு 25 இன்ச் அளவுல வரைஞ்சது) ஒவ்வொரு வயலும் தனித்தனியா இருக்கும், அதை பிரிண்ட் எடுத்து மேசையில விரிச்சு வெச்சு 'இதை என்னன்னு சொல்லுவீங்க'ன்னு விரல் வெச்சுக் கேளுங்க, பேர் தானா வரும். அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க, கொச்சையா தெரியுதேன்னு திருத்தவே கூடாது. மீத் கவுண்டில இப்படி ஊர்க்காரங்களே ஆயிரக்கணக்கான வயல் பேரைச் சேர்த்திருக்காங்க, உங்க பங்குலயும் முடியும்.

1930கள் கடைசில ஸ்கூல் பசங்க ஊர்க் கதைகளோட இடப்பேர்களையும் எழுதி வெச்சாங்களே, அந்தத் தொகுப்பு டூகஸ் (duchas.ie) இணையதளத்துல இருக்கு, உங்க ஊர் ஸ்கூல் பேரைப் போட்டுத் தேடுங்க.

இன்னொண்ணு, கத்தோலிக்கப் பங்கோட எல்லையும் சிவில் பாரிஷ் (அரசாங்க ஆவணங்கள்ல வர்ற பழைய நிலப் பிரிவு) எல்லையும் பல இடத்துல ஒத்துப்போகாது. பழைய ரெக்கார்டு பலதும் சிவில் பாரிஷ் கணக்குலதான் இருக்கு, அதனால ஒவ்வொரு பேருக்கும் டவுன்லேண்டோட சிவில் பாரிஷையும் சேர்த்தே டைப் பண்ணிடுங்க.