தவிர், நழுவு, மழுப்பு, தட்டிக்கழி: எல்லாம் ஒன்றுதானா?

கேள்வி இது: "ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்கும் ஒருவரிடம் மாட்டாமல் இருப்பதற்கும் தமிழில் தவிர், விலகு, நழுவு, மழுப்பு, தட்டிக்கழி என்று நிறையச் சொற்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா?"

போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவம் உண்டு. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் கூட்டத்திலேயே தண்ணீர் லாரிக் கணக்கை ஒருவர் கேட்டார். "ரசீதெல்லாம் வீட்டில் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் பொருளாளர். நான் "பொருளாளர் கேள்வியைத் தட்டிக்கழித்தார்" என்று எழுதி, கீழே லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். மனிதர் நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. "பதிலை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்" என்று எழுதியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. தட்டிக்கழிப்பது என்றால் செய்யவேண்டிய கடமை இருக்கிறது, செய்ய மனமில்லை, அதை மூட ஒரு சாக்கும் சொல்கிறார் என்று மூன்று குற்றச்சாட்டுகளை ஒரே சொல்லில் வைத்துவிடுகிறோம்.

இந்தச் சொற்களில் பெரும்பாலானவை இப்படித்தான். நடந்ததோடு சேர்த்து, நடத்தியவரைப் பற்றிய நம் தீர்ப்பையும் சொல்லிவிடும். தீர்ப்புச் சொல்லாத சொல் என்றால் 'தவிர்' ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவேன். எண்ணெயைத் தவிர்க்கலாம், இரவுப் பயணத்தைத் தவிர்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் இந்த அப்பாவிச் சொல்லும் பழைய தமிழில் வேறு மாதிரி இருந்திருக்கிறது. 1070இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். பள்ளியில் இதைப் படித்தபோது, ராஜாவே சுங்கம் கட்டாமல் வேறு வழியாகப் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அங்கே தவிர்த்தல் என்றால் நீக்குதல். சுங்க வரி வேண்டாம் என்று அவன் எடுத்துவிட்டான். அந்தப் பொருள் இன்றும் முழுக்கச் செத்துப்போகவில்லை. "அவனைத் தவிர எல்லாரும் வந்தார்கள்" என்று சொல்லும்போது அவனைக் கணக்கிலிருந்து நீக்கித்தானே சொல்கிறோம்?

வரியைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குடும்பமே வரிசையாக வந்து நிற்கும். அரசே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் வரிவிலக்கு. சட்டத்தில் இருக்கும் சலுகைகளையும் சந்துபொந்துகளையும் பார்த்து, சட்டத்தை மீறாமல் குறைத்துக்கொண்டால் வரித் தவிர்ப்பு. வருமானத்தை மறைத்து, பொய்க் கணக்குக் காட்டினால் வரி ஏய்ப்பு. ஏய்ப்பது என்றால் ஏமாற்றுவது. அந்தச் சொல்லிலேயே குற்றம் இருக்கிறது. செய்தி எழுதுகிறவர்கள் தவிர்ப்பையும் ஏய்ப்பையும் கலந்துவிடக் கூடாது. முன்னது ஆடிட்டரோடு முடிகிற விஷயம், பின்னது வழக்கு வரை போகும். அப்புறம், சுங்கச்சாவடிக்கு முன்பே இடதுபக்கம் திரும்பி, ஊருக்குள் புகுந்து அந்தப் பக்கம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்? 'சுற்றிப் போகிறார்கள்' என்பதுதான். டீசல் காசைக் கணக்குப் பார்த்தால் பல நேரம் சுங்கத்தையே கட்டியிருக்கலாம், அது வேறு கதை.

தவிர்ப்பதையும் தப்புவதையும் குழப்புகிறவர்களும் உண்டு. இரண்டு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் வந்து, ஓட்டுநர் பார்த்து நிறுத்திவிட்டால் விபத்து தவிர்க்கப்பட்டது. மோதிவிட்டது, ஆனாலும் ஆள் பிழைத்தார் என்றால் விபத்தில் உயிர் தப்பினார். தவிர்ப்பு நடப்பதற்கு முன்னால். தப்புவதற்கு ஆபத்து பக்கத்தில் வந்திருக்க வேண்டும். 'தப்பு' என்ற சொல்லே எனக்குப் பிடித்தமானது. குறி தப்பியது, பருவம் தப்பிய மழை என்று எங்கேயோ போய்ச் சேரவேண்டியது சேராமல் போவதையும் சொல்லும். பிழைக்கும் தப்பு என்றே பெயர். தவறும் அப்படித்தான்: பஸ்ஸைத் தவறவிட்டேன், நான் செய்தது தவறு.

வேற்றுமை உருபையும் கவனியுங்கள், பிற மொழியில் யோசித்து எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். தவிர்ப்பது ஒன்றை. தப்புவது ஒன்றிலிருந்து, அல்லது ஒருவரிடமிருந்து. டிமிக்கி கொடுப்பது ஒருவருக்கு. மழுப்பலுக்கு 'பதிலை' என்பதைத் தாண்டிப் பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம்; "ஏதோ சொல்லி மழுப்பினார்" என்றாலே போதும்.

மனிதர்களிடம் வரும்போது 'தவிர்' கொஞ்சம் விறைப்பாக இருக்கும். "அவன் என்னைத் தவிர்க்கிறான்" என்பது தப்பில்லை, கதைகளில் நிறைய வருகிறது. பேச்சில் இளசுகள் 'அவாய்ட் பண்றான்' என்பார்கள். என் அம்மா இரண்டையும் சொல்ல மாட்டார். "முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறான்", "பார்த்தும் பார்க்காத மாதிரி போறான்", "கண்ணுலயே பட மாட்டேங்கிறான்" என்பார். நம் வழக்கில் இந்த விலகல் முகத்திலும் கண்ணிலும்தான் நடக்கிறது. பாராமுகம் என்று ஒரே சொல்லில் அழகாக முடித்தும் வைத்திருக்கிறார்கள். பேச்சுக்கு வந்தாலும் முடிவு சொல்லாதவர் 'பிடி கொடுக்காமல்' பேசுகிறார். அங்கே கை வந்துவிடுகிறது.

வள்ளுவர் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்: ஒருவுதல். 800ஆவது குறளில் 'ஒன்றீத்தும் ஒருவுக ஒப்பிலார் நட்பு' என்கிறார். ஒத்துவராதவர்களின் நட்பை, ஏதாவது கொடுத்தாவது விட்டுவிடு என்று பொருள். சும்மா விலகச் சொல்லவில்லை, செலவு செய்தாவது விலகச் சொல்கிறார்! இந்தச் சொல் பேச்சிலிருந்து போய்விட்டது, எனக்கு வருத்தம்தான். இன்றைக்கு அதற்கு மிக அருகில் வருவது 'கழன்றுகொள்வது'. ஆனால் அதில் வள்ளுவரின் கம்பீரம் இல்லை, பில் வருவதற்குள் கை கழுவப் போகிறவனின் சாயல்தான் இருக்கிறது.

ஒதுங்குவதும் விலகுவதும் உடம்பை நகர்த்தும் சொற்கள். லாரிக்கு ஒதுங்குகிறோம், மழைக்கு ஒதுங்குகிறோம். பள்ளிக்கூடம் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் என்று திட்டுவதும் இதை வைத்துத்தான். இதுவே 'ஒதுக்கு' என்று பிறவினையானால் இரண்டு முகம் வந்துவிடும். நிதி ஒதுக்கினால் தருவது, ஆளை ஒதுக்கினால் தள்ளுவது.

நழுவுவதில் சத்தமே இருக்காது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும், திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. 'கழுவுற மீன்ல நழுவுற மீன்' என்று சும்மா சொல்லவில்லை; மீன் கழுவியவர்களுக்குத் தெரியும். கம்பி நீட்டுவது இதைவிடப் பெரிய சமாசாரம், பெரும்பாலும் சீட்டுப் பணமோ கடனோ கூடவே போயிருக்கும். ஜகா வாங்குகிறவர் முதலில் தலையாட்டியிருக்க வேண்டும். வருகிறேன் என்று சொல்லாதவர் ஜகா வாங்க முடியாது. ஓபி அடிப்பவர் எங்கும் போவதில்லை, இடத்திலேயே இருந்துகொண்டு வேலையை மட்டும் செய்யாமல் இருப்பார். அல்வாவும் கடுக்காயும் கொடுப்பதில் நழுவலைவிட ஏமாற்று தூக்கல், அதனால் அவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கத் தயங்குவேன். யாழ்ப்பாண நண்பர் ஒருவர் "பேய்க்காட்டாதை" என்பார். அதுவும் ஏறக்குறைய இந்த ரகம்தான்.

மழுப்பலுக்கு ஒரு நல்ல உதாரணம் வேண்டுமென்றால், 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று தொடங்கும் எந்த அறிவிப்பையும் பாருங்கள். காரணம் என்ற சொல் அதில் இருக்கும், காரணம் இருக்காது. போன மாதம் எங்கள் சங்கக் கூட்டம் இப்படித்தான் ஒத்திவைக்கப்பட்டது. அறிவிப்பை எழுதியவன் நான். லிஃப்டில் பார்த்த பொருளாளர், "அப்படி என்ன தவிர்க்க இயலாத காரணம் சார்?" என்று கேட்டார். முந்தைய கூட்டத்தின் குறிப்பை நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்பதுதான் காரணம். மூன்றாவது மாடி வந்ததும் இறங்கிவிட்டேன். என் வீடு ஐந்தாவது மாடியில்.