மழைக்குப் பிறகு கலங்கி வரும் குழாய்த் தண்ணீர்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் உங்கள் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) குழாயில் மழை பெய்தாலே செம்மண் தண்ணீர் வருகிறது, கொதிக்க வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கிருமிக்குப் போதும், மண்ணுக்குப் போதாது. இரவில் வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் நாலாக மடித்த வெள்ளைத் துணியில் வடித்து, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றர் உயரத்துக்கு மேலேதான் 3 நிமிடம் தேவை. நுவரெலியா நகரம்கூட அதற்குக் கீழேதான். கலங்கிய தண்ணீரில் குளோரின் போட்டுவிட்டு நம்பி இருக்காதீர்கள், சரியாக வேலை செய்யாது. பிடிக்கும்போது தெளிவாக இருந்து அப்புறம் பழுப்பானால் அது பெரும்பாலும் இரும்பு.

குழாய்க்குத் தண்ணீர் வருவது ஊற்றிலிருந்து என்றால், அதற்கு மேலே மரக்கறித் தோட்டம் இருக்கிறதா? உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று (nitrate) என்ற உப்பு கொதித்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் அந்தத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம். முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.