பத்தாவது முடிக்கிற பிள்ளைக்குக் கட்டட வேலைப் படிப்பு: கேட்டாங்க, சொன்னேன்

ஐ.டி.ஐ.யில் பிளான் வரையக் கத்துக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தெரிஞ்ச வரைக்கும் சொல்றேனுங்க.

பெருந்துறையிலிருந்து: பையனுக்குக் கட்டட வேலையில ஆசைங்க. கணக்குதான் சுமார். ஐ.டி.ஐ.யா, பாலிடெக்னிக்கா?

ஐ.டி.ஐ.யில சிவில் டிராப்ட்ஸ்மேன் (கட்டட பிளான் வரையற படிப்பு) சேருங்க, 2 வருசம். முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம் சேரலாம். அப்புறம் பி.இ.க்கும் அதே மாதிரி வழி உண்டு.

கணக்கு சுமார்ங்கறதை நான் நம்ப மாட்டேன். வாசல்ல மூணு முளை அடிச்சுக் கயிறு கட்டச் சொல்லுங்க. ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி, குறுக்க 10 அடி வந்தா மூலைமட்டம் சரி, அதாவது மூலை 90 டிகிரி. 10 அடிக்கு மேல ஓர் அங்குலம் வந்தாலும் மூலை விரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அது டைல்ஸ் ஒட்டறப்பத்தான் தெரியும், சுவரோரம் சீவல் சீவலா வெட்டணும். எங்க வீட்டுச் சமையலறைக்கு வந்து பாருங்க, இன்னும் அப்படியேதான் இருக்குது!

பல்லடத்திலிருந்து: பொண்ணு ஆர்க்கிடெக்ட் ஆகணும்ங்கறா. எந்த குரூப்புங்க?

கணக்கும் இயற்பியலும் இருக்கற குரூப். அப்புறம் நாட்டாங்கற நுழைவுத் தேர்வு, அதுக்கப்புறம் ஆர்க்கிடெக்ட் பட்டப்படிப்பு பி.ஆர்க். 5 வருசம். 1972 ஆர்க்கிடெக்ட் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சில்ல பதிஞ்சவங்கதான் பேரோட ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கலாம். இன்டீரியர் டிசைன் படிச்சும் அப்படிப் போட்டுக்கலாம்னு யாராச்சும் சொன்னா பணம் கட்டிராதீங்க.

கோச்சிங்குக்கு முன்னாடி வீட்டு ஆசாரத்தை (கூடத்தை) டேப் வச்சு அளந்து வரையட்டும். நிஜத்துல 1 மீட்டர்னா தாள்ல 2 சென்டிமீட்டர். கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு கால்வட்டம் போடறதைத்தான் எல்லாரும் மறப்பாங்க.

சூலூரிலிருந்து: கம்ப்யூட்டர்ல பிளான் வரையற ஆட்டோகேட் இப்பவே கத்துக்கலாமுங்களா?

கையால நாலு பிளான் வரைஞ்சதுக்கப்புறம்.

தாராபுரத்திலிருந்து: லீவுல மேஸ்திரிகூடக் கூலிக்கு அனுப்பலாமுங்களா?

வேண்டாம். 18 ஆகாம சாரத்துல ஏத்தாதீங்க. ஒரே ஒரு நாள் மேஸ்திரியோட போய்ப் பார்க்கட்டும். சுவர் நேரா இருக்குதான்னு பார்க்கற தூக்குக்குண்டு ஆடி நிக்கற வரைக்கும் கொத்தனார் எப்படிப் பொறுத்திருக்கறாருன்னு கவனிச்சாலே போதும்.

கோபியிலிருந்து: நான் சித்தாளுங்கண்ணா, வாரியத்துல பதிஞ்சிருக்கேன். பிள்ளை படிப்புக்கு ஏதாச்சும் கிடைக்குமா?

கிடைக்கும் அம்மணி. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. பதிவு காலாவதி ஆகாம இருக்கணும், அட்டையை எடுத்துத் தேதியை இன்னைக்கே பாருங்க.