தாத்தாவின் பித்தளை பம்ப்: தேங்காய் எண்ணெயை மாற்றிப் பாருங்கள்

வணக்கம் சகோதரரே. அடுப்புக்கு மேலே பரணில் பல ஆண்டுகள் கிடந்த உங்கள் தாத்தாவின் சைக்கிள் பம்ப், தேங்காய் எண்ணெய் தடவிய மாலையில் நன்றாகக் காற்றடித்ததாகவும், மறுநாள் காலையில் கைப்பிடி தடையே இல்லாமல் இறங்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். பம்பைத் தூக்கிப் போட வேண்டாம். எண்ணெயைத்தான் மாற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், நுவரெலியாவின் காலைக் குளிரில், கைப்பிடித் தண்டின் நுனியில் கிண்ணம் போல இருக்கும் தோல் வாசர் விறைத்து, பம்புக் குழாயின் சுவரோடு ஒட்டாமல் விலகி நிற்கிறது.

மேல்மூடியைக் கழற்றித் தண்டை வெளியே எடுத்து, பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டு, வாசரை ஓர் இரவு முழுவதும் ஆமணக்கெண்ணெயில் ஊற விடுங்கள். சுடவைத்த எண்ணெய் கூடாது, தோல் சுருங்கிவிடும். ஊறிய தோலின் விளிம்பை விரலால் மெதுவாக வெளிப்புறம் விரித்து, கிண்ணத்தின் வாய் கீழே பார்க்கும்படி பூட்டுங்கள்; அழுத்தப்படும் காற்றே அந்த விளிம்பைச் சுவரோடு நெருக்கிப் பிடிக்கும். விளிம்பு வெடித்திருந்தால், செருப்புத் தைப்பவரிடம் புதிய வட்டம் ஒன்றை வெட்டி வாங்கலாம். குழாயின் உட்புறத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கீறல்கள் புதுத் தோலையும் அரித்துவிடும்.

அதன் பிறகும் கைப்பிடி தானாக மேலெழுந்தால், அடியிலுள்ள வால்வில் அழுக்கு இருக்கிறது, மண்ணெண்ணெயால் கழுவுங்கள். வெடித்த ரப்பர் குழாய்க்குப் பதிலாக நூல் பின்னிய காற்றுக்குழாயையும், உங்கள் டியூப் வால்வுக்குப் பொருந்தும் புதுத் தலையையும் தாராளமாகப் போடலாம்.