அரசு கடன் வாங்கினால் தனியார் தொழிலுக்குப் பணம் குறையுமா?

கே: அரசு செலவு செய்தால் தனியார் முதலீடு எப்படிக் குறையும்?

ப: வரி வருமானம் போதாமல் அரசு கடன் வாங்கும்போதுதான் இந்தப் பிரச்சினை வரும். நாட்டில் கடனாகக் கிடைக்கும் சேமிப்புக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு அரசும் போட்டி போட்டால் வட்டி ஏறும். வட்டி ஏறினாலும் அரசு கடன் வாங்கத்தான் செய்யும். தொழில் நடத்துபவருக்கு அப்படி முடியாது. 9 சதவீத வட்டியில் லாபம் தரும் விரிவாக்கம் 13 சதவீதத்தில் கட்டுப்படியாகாது, தள்ளிப்போடுவார்.

கே: இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

ப: நடந்தது. ஆனால் இங்கே வட்டியைவிட விதிமுறைதான் அந்த வேலையைச் செய்தது. 1990களின் தொடக்கத்தில் வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் 38.5 சதவீதம் வரை, பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களாக, வைத்திருக்க வேண்டியிருந்தது. இதுதான் எஸ்.எல்.ஆர். ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக இன்னொரு 15 சதவீதம். ஆக, 100 ரூபாயில் பாதிக்கு மேல் தொழில்கடனுக்கு வரவே வழியில்லை. அதில் அதிகம் அடிபட்டவர்கள் சிறு தொழில்காரர்கள் என்பது என் கணிப்பு. பெரிய நிறுவனங்கள் பங்குச்சந்தைக்குப் போகலாம், பட்டறைக்காரர் எங்கே போவார்? 1991-இல் வங்கித்துறைச் சீர்திருத்தத்துக்காக அரசு அமைத்த நரசிம்மம் குழு இதைக் குறைக்கச் சொன்னது. 1997-இல் எஸ்.எல்.ஆர். 25 சதவீதமானது. 2020 முதல் 18 சதவீதம்.

கே: சாலை, துறைமுகச் செலவும் இதே கணக்கில் வருமா?

ப: கடன் வாங்கும் வரை ஒரே கணக்குதான். அப்புறம் வேறு. நல்ல சாலையும் தடையில்லாத மின்சாரமும் தனியார் முதலீட்டை இழுத்து வரும்.

கே: இலங்கையில் 2022-இல் வட்டி ஏறியதும் இதனால்தானா?

ப: ஓரளவுக்கு. அரசு குறுகிய காலக் கடனுக்கு விற்கும் பத்திரமான 91 நாள் திறைசேரி உண்டியலின் வட்டி அந்த ஆண்டு 30 சதவீதத்தைத் தாண்டியது. அரசே அவ்வளவு தரும்போது வங்கி ஏன் கடைக்காரரைத் தேடிப் போகும்? ஆனால் பணவீக்கமும், அதை அடக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தியதும், கடன் திரும்பி வருமா என்ற பயமும் அதில் சேர்ந்தே இருந்தன.

கே: கொரோனா காலத்தில் இந்திய அரசு இவ்வளவு கடன் வாங்கியும் வட்டி ஏறவில்லையே?

ப: சரியான கேள்வி. 2020-21-இல் மத்திய அரசின் நிதிப்பற்றாக்குறை ஜிடிபியில் 9 சதவீதத்தைத் தாண்டியது. பத்தாண்டுப் பத்திர வட்டியோ 6 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கம்பெனிகள் புதுக் கடன் கேட்கவில்லை, ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியான ரெப்போவை 4 சதவீதமாக்கிப் பத்திரங்களையும் வாங்கியது. சேமிப்பு சும்மா கிடக்கும் அப்படிப்பட்ட நேரத்தில், தனியார் முதலீட்டைக் காரணம் காட்டி அரசுச் செலவை வெட்டச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.