ஃபில்லாய்ட்ஸ் கட்டி: என் மகளுக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 41, ஈரோடு பக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. ஊசி பயாப்ஸி செய்து ‘ஃபைப்ரோஅடினோமா, பயப்பட ஒன்றுமில்லை’ என்றார்கள். போன தீபாவளிக்கு அப்புறம் அது மளமளவென்று வளர்ந்து, பொங்கலுக்குள் ஆரஞ்சுப் பழ அளவுக்கு வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டில் ‘பார்டர்லைன் ஃபில்லாய்ட்ஸ்’ என்றும், ஒரு பக்கம் கட்டி வெட்டு ஓரத்தைத் தொடுகிறது என்றும் எழுதியிருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார், இந்தக் கட்டிக்குக் காரணமான மரபணுவை அங்கேதான் கண்டுபிடித்தார்கள் என்கிறார். ஒரு லேப்பில் பிஆர்சிஏ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று விடாமல் போன் செய்கிறார்கள். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் கிடையாது. 15 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கும் வருமா? எனக்குக் கீமோ தேவையா?

பதில்: மகளைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும் வகைக் கோளாறாகத் தெரியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் உங்களுக்கு மனசு ஆறும்.

நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் பார்ப்போம் இல்லையா? தாய்ப்பத்திரத்திலேயே ஒரு சர்வே எண் தப்பாக இருந்தால், அதிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு நகலிலும் அந்தத் தப்பு இருக்கும். மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் வரும் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் அந்த மாதிரி. கருவிலேயே இருக்கிறது, உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பும் இருக்கிறது. ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்க முடிவது அதனால்தான். தாய்ப்பத்திரம் சரியாகவே இருந்து, பின்னாளில் எடுத்த ஒரு ஜெராக்ஸில் மட்டும் ஓர் எழுத்து அழிந்துபோவதும் உண்டு. ஃபில்லாய்ட்ஸில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. மார்பின் ஏதோ ஒரு செல், பிரியும்போது ஒரு தப்பு செய்தது. அந்தச் செல்லின் வாரிசுகள்தான் உங்கள் கட்டி. உங்கள் ரத்தத்தில் அது இல்லை, கருமுட்டையிலும் இல்லை. மகளுக்குக் கொடுக்க உங்களிடம் அது இருந்ததே இல்லை.

உங்கள் நாத்தனார் சொன்னது சரிதான். 2014-இல் சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் மையம், சிங்கப்பூர் பொது மருத்துவமனை, டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து 98 ஃபைப்ரோஅடினோமாக்களின் மரபணுக்களை வாசித்தார்கள். அதில் 59 சதவீதத்தில் மெட்12 என்ற ஒரே மரபணுவில், அதுவும் அதன் ஒரே சிறிய பகுதியில், மாற்றம் இருந்தது. வெவ்வேறு பெண்கள், வெவ்வேறு கட்டிகள், ஆனால் தப்பு விழுந்த இடம் ஒன்றேதான். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிற விஷயம் இது. அடுத்த ஆண்டே 100 கட்டிகளை எடுத்துக்கொண்டு, சாதாரண ஃபைப்ரோஅடினோமாவில் தொடங்கிப் புற்றுநோய் வகை ஃபில்லாய்ட்ஸ் வரை வரிசையாகப் பார்த்தார்கள். ஃபில்லாய்ட்ஸிலும் அதே மெட்12 இருந்தது. கட்டி முரட்டுத்தனமாக ஆக ஆக, அதன் மேல் வேறு மாற்றங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தன. டிபி53, ஆர்பி1, இஜிஎஃப்ஆர் போன்ற மரபணுக்களின் மாற்றங்கள் பார்டர்லைனிலும் புற்றுநோய் வகையிலும்தான் தலைகாட்டின. செல்லுக்குச் சாகாவரம் மாதிரி ஒன்றைக் கொடுக்கும் டெர்ட் மரபணுவின் மாற்றமும் ஃபில்லாய்ட்ஸில் நிறையக் கிடைக்கிறது, ஃபைப்ரோஅடினோமாவில் அபூர்வம்.

மெட்12 என்ன வேலை செய்கிறது? ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்கள் ‘இந்த மரபணுவை இப்போது வாசி’ என்று சொல்லும் சேதியை, வாசிக்கிற இயந்திரத்திடம் கொண்டு சேர்க்கும் பெரிய புரதக் கூட்டம் ஒன்று உண்டு. மெட்12 அதில் ஓர் உறுப்பினர். அது கெட்டால் சேதி தாறுமாறாகப் போகிறது. ஹார்மோனுக்கு ஆடுகிற திசுக்களில் இதன் விளைவு அதிகம் தெரிகிறது. கர்ப்பப்பை ஃபைப்ராய்டு கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011-இல் ஹெல்சிங்கியில் 225 ஃபைப்ராய்டுகளைப் பார்த்தபோது, சுமார் 70 சதவீதத்தில் இதே மெட்12 மாற்றம் இருந்தது.

இனி உங்கள் ரிப்போர்ட். நான் பத்தாலஜிஸ்ட், இந்தக் கட்டிகளை வெட்டிப் பார்ப்பதுதான் என் தொழில். ஃபில்லாய்ட்ஸைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தால் முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டின மாதிரி இருக்கும். வெளிறிய சதை மடிப்பு மடிப்பாகப் புடைத்து நிற்கும், நடுநடுவே வளைந்த கீறல்கள் ஓடும். மைக்ராஸ்கோப்பில் அந்த மடிப்பு ஒவ்வொன்றும் ஓர் இலை. 1838-இல் ஜெர்மானிய அறிஞர் யோஹன்னஸ் மியூலர் இந்தக் கட்டிக்குப் பெயர் வைத்தபோது, இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். இலையின் ஓரத்தில் வரிசையாக நிற்பவை பால் நாளத்துச் செல்கள், அவை பெரும்பாலும் சாதுவானவை. உள்ளே சதையாக நிறைந்திருக்கும் நார்த்திசுதான் வளர்ந்துகொண்டே போகிறது. சிங்கப்பூர் குழுவினர் ஃபைப்ரோஅடினோமாவில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தபோது, மெட்12 மாற்றம் நார்த்திசுவில் மட்டுமே இருந்தது.

வழக்கமான மார்பகப் புற்றுநோய் பால் நாளத்துச் செல்லில் பிறக்கிறது. பிஆர்சிஏ அந்தக் குடும்பத்துக்கு உரியது. உங்கள் கட்டி நார்த்திசுவில் பிறந்தது. ஃபில்லாய்ட்ஸுக்கும் பிஆர்சிஏவுக்கும் உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இல்லாத உங்களுக்கு, இந்தக் கட்டியைக் காரணம் காட்டி அந்தச் சோதனையை விற்பது நியாயமே இல்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். லி-ஃப்ராமெனி என்று ஓர் அபூர்வப் பரம்பரைக் கோளாறு இருக்கிறது. டிபி53 மரபணு பிறவியிலேயே பழுதாகி, சிறு வயதிலேயே சார்கோமா (எலும்பு, தசை போன்றவற்றில் வரும் புற்றுநோய்), மூளைக் கட்டி, மார்பகப் புற்றுநோய் என்று குடும்பத்தில் பலருக்கு வரும். அவர்களில் சிலருக்கு ஃபில்லாய்ட்ஸும் வருவதுண்டு. அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ‘சின்ன வயசிலேயே எலும்பில் கட்டி வந்து போய்விட்டான்’ என்பது மாதிரிக் கதைகள் வந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடலாம்.

முதல் பயாப்ஸி தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உள்ளுக்குள் அது உறுத்தும். ஊசியில் வருவது பென்சில் முனை பருமனுக்குக் கொஞ்சம் திசு. ஒரே கட்டியில் ஒரு மூலை ஃபைப்ரோஅடினோமா போலவும் இன்னொரு மூலை ஃபில்லாய்ட்ஸாகவும் இருக்கலாம். ஊசி எந்த மூலைக்குப் போனது என்பதைப் பொறுத்துத்தான் ரிப்போர்ட். சில சமயம் ஃபைப்ரோஅடினோமாவே பிற்பாடு ஃபில்லாய்ட்ஸாக மாறுவதும் உண்டு, இரண்டுக்கும் மெட்12 பொதுவாக இருப்பது அதற்கு ஒரு சாட்சி. ஆனாலும் ஃபைப்ரோஅடினோமா உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. சில மாதங்களுக்குள் கிடுகிடுவென்று பெரிதாவதுதான் எச்சரிக்கை.

‘பார்டர்லைன்’ என்பது நடுத்தரம். மைக்ராஸ்கோப்பில் நன்றாகப் பெரிதாக்கி, கண்ணுக்குத் தெரியும் வட்டம் பத்தில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணுவோம். ஐந்துக்குக் கீழே என்றால் சாது, பத்தும் அதற்கு மேலும் என்றால் புற்றுநோய் வகை, இடைப்பட்டது பார்டர்லைன். எண்ணிக்கை மட்டும் போதாது. செல்லின் உருவம், நார்த்திசு எவ்வளவு ஆக்கிரமித்திருக்கிறது, கட்டியின் கரை எப்படி என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு. இதில் பத்தாலஜிஸ்டுகளுக்குள்ளேயே கருத்து வேறுபடும். மார்பகக் கட்டிகளை நிறையப் பார்க்கிற இன்னொருவரிடம் ஸ்லைடுகளைக் காட்டி இரண்டாவது கருத்து வாங்குங்கள். உங்கள் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரிப்போர்ட்டில் என் கண்ணை உறுத்துவது பார்டர்லைன் என்ற சொல்லைவிட, வெட்டு ஓரத்தைத் தொடுகிறது என்ற வரி. அதாவது, கட்டி கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கலாம். ஃபில்லாய்ட்ஸ் திரும்ப வந்தால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வரும், முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வரும். சில சமயம் முன்பைவிட முரடாக வரும். பார்டர்லைன் வகையில் ஓரம் தொட்டிருந்தால் அந்த இடத்தை மறுபடி கொஞ்சம் அகலமாக எடுப்பதுதான் வழக்கம். சர்ஜனிடம் இதை நேராகக் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். முழு மார்பையும் எடுக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள், மீதித் திசு போதுமான அளவு இருந்தால் அதற்கு அவசியம் வராது. இந்தக் கட்டி அக்குளில் நெறிகட்டும் இடங்களுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) பரவுவது மிக அரிது, அதனால் அக்குளை வெட்ட வேண்டியதும் பொதுவாக இல்லை.

கீமோ வேண்டாம். பார்டர்லைன் ஃபில்லாய்ட்ஸில் அதனால் பலன் உண்டு என்று யாரும் காட்டவில்லை. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரைக்கும் இங்கே இடமில்லை. மறு ஆபரேஷனுக்குப் பிறகும் ஓரம் போதாமல் இருந்தால் ரேடியேஷன் பற்றிப் பேசலாம். அப்புறம் மூன்று வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டி, தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட்.

இவ்வளவு மரபணு ஆராய்ச்சி நடந்தும் மெட்12-ஐக் குறிவைத்து ஃபில்லாய்ட்ஸுக்கு மாத்திரை இல்லையா என்றால், இன்று இல்லை. மார்பில் வரும் வேறொரு அபூர்வப் புற்றுநோயான செக்ரெட்டரி கார்சினோமாவில் கதை வேறு. அதில் இடிவி6, என்டிஆர்கே3 என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதை 2002-இல் கண்டார்கள். அந்த ஒட்டுக்கு எதிரான லாரோட்ரெக்டினிப் என்ற மாத்திரைக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் மருந்துக்கும் நடுவே 16 வருடம். ஃபில்லாய்ட்ஸுக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மகளுக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். இருபதை ஒட்டிய வயதில் பெண்களுக்கு ஃபைப்ரோஅடினோமா வருவது சகஜம், அது உங்களால் வந்ததாக ஆகாது. கட்டி தட்டுப்பட்டால் உங்களிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவளிடம் பேச வேண்டியது.

கடைசியாக ஒன்று. ஸ்லைடுகளோடு பாரஃபின் பிளாக்கையும் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் கூட்டில் மெழுகு, அதற்குள் உங்கள் கட்டியின் துண்டு. இரண்டாவது கருத்துக்கும் அதுதான் வேண்டும், பிற்காலத்தில் மரபணுச் சோதனை தேவைப்பட்டாலும் அதுதான் வேண்டும். வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மெழுகு என்பதால், எடுத்துக்கொண்டு போகிற வழியில் வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள்.